நுரை மாஸ்டரும் என் அல்புமினும்

இந்த விவகாரம் தொடங்குவதற்கு முன் ஆரணியில் என் நிலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் வேதியியல் பட்டம் பெற்றவன். அரசுப் பணியில் பட்டின் தரம் பார்க்கும் அலுவலராக முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்து, ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றவன். சாயம் போகிற பட்டு என் மேசையைத் தாண்டிச் சென்றதில்லை. கோயில் திருப்பணிக் குழுவுக்குத் தலைவன். ஊரில் பலருக்கு என் பெயர் தெரியாது. ‘ஆபீசர்’ என்றால் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாத குடும்பம் எங்களுடையது. இதுவும் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவனின் சிறுநீரைப் பற்றி ஒரு மனிதர் முந்நூறு பேர் உட்கார்ந்த கல்யாணப் பந்தியில் உரத்த குரலில் பேசினார். அவர்தான் நுரை மாஸ்டர்.

உலகத்தில் நுரை என்று ஒன்று உள்ளவரை நுரை மாஸ்டரை எவராலும் ஏமாற்ற முடியாது. தொழில் பட்டுக்குச் சாயம் போடுவது. கச்சாப் பட்டில் ஒருவகைப் பசை உண்டு. சோப்பும் சோடாவும் கலந்த நீரில் வேகவைத்து அந்தப் பசையை எடுத்தால்தான் நூலில் பளபளப்பு வரும், சாயம் பிடிக்கும். எப்போது எடுப்பது என்பதில்தான் சூட்சுமம். மற்றவர்கள் நூலை விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். மாஸ்டர் நூலைத் தொடவே மாட்டார். கொதிக்கும் தொட்டியின் மேல் நிற்கிற நுரையைப் பார்ப்பார். வெறும் சோப்பு நுரை சீக்கிரம் அடங்கிவிடும், பசை கலந்த நுரை அடங்காமல் நிற்கும் என்பது அவர் சாத்திரம். அவர் கொட்டகையிலிருந்து வந்த பட்டை நான் ஒருமுறைகூடத் திருப்பி அனுப்பியதில்லை. நன்றாக இருக்கிறது என்று ஒருமுறைகூடச் சொன்னதுமில்லை. அது அலுவலர் வேலையன்று என்று அப்போது நினைத்தேன்.

தொட்டியோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திராது. உலகமே அவருக்குத் தொட்டிதான். டீக்கடையில் டீ வாங்கினால் குடிக்க மாட்டார். கண்ணாடித் தம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, நுரை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அப்படிப் பார்த்துவிட்டு, “யோவ், பாலுல சோப்பு கலந்துகிறான்யா!” என்று கத்தினார். பால்காரர் அடுத்த நிமிடம் தேவிகாபுரம் பேருந்தில் தொங்கிக்கொண்டிருந்தார். கேன் மட்டும் கடையில் இருந்தது. அன்றிலிருந்து கடைக்காரர் மாஸ்டருக்கு டீ இலவசம் என்றார். மாஸ்டர் ஆறிப்போன டீ குடிப்பவர் ஆதலால் அவருக்கு அதில் பெரிய லாபமில்லை.

முடிதிருத்தகத்தில் இன்னும் மோசம். முகத்தில் சோப்புப் பூசியவுடன் கண்ணாடியில் தம் கன்னத்தையே உற்றுப் பார்த்து, “இருப்பா, இருப்பா, கத்திய வெக்காத. இது எப்ப அடங்குதுன்னு பாக்கணும்” என்பார். கத்தியை ஓங்கியபடி முடிதிருத்துபவர் நிற்க, பின்னால் நாலு பேர் காத்திருக்க, அரை மணி நேரம் ஓடும். பெரணமல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் நேரே சமையல்கட்டுக்குள் நுழைந்து, பருப்பு அண்டாவை எட்டிப் பார்த்து, சோடா உப்பு எத்தனை சிட்டிகை விழுந்திருக்கிறது என்பதைச் சமையல்காரர் முகத்துக்கு நேரே சொன்னார். சமையல்காரர் கரண்டியோடு துரத்தினார். எண்ணிக்கை சரி என்று பிறகு ஒப்புக்கொண்டாராம்.

இவற்றோடு இன்னொரு குணமும் சேர்ந்திருந்தது. உலை இரைச்சலுக்குப் பக்கத்திலேயே ஆயுள் கழிந்ததால் அவருக்குக் குரலில் ஒரே அளவுதான். அவர் ரகசியம் சொன்னால் களம்பூரில் கேட்கும்.

நான் சொல்ல வந்த கல்யாணம் ஒரு பட்டு வியாபாரி வீட்டுக் கல்யாணம். பந்திக்கு முன் மண்டபத்தின் பின்புறம் ஆண்களுக்கான இடத்துக்குச் சென்றேன். பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். முழங்கை வரை ஒரு கை அரக்கு நிறம், மறு கை கிளிப்பச்சை. யாரென்று முகம் பார்க்கத் தேவையில்லை.

“சார்.”

நான் சுவரைப் பார்த்தேன். அந்த இடத்தில் பேசுவது நாகரிகமன்று.

“சார், கோச்சிக்காதீங்க. உங்குளுது நுர நிக்குது சார்.”

“என்னது?”

“நுர சார். என்னுது பாருங்க, வந்துச்சி, போயிடுச்சி. உங்குளுது அப்பிடியே நின்னுகினு கீது. பட்டு வேகவெச்ச தண்ணி மாரி.”

என் ஆயுளில் எவரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் வங்கி மேலாளர், மறு பக்கம் மாப்பிள்ளையின் தாய்மாமன். பாயசம் வந்துகொண்டிருந்தது. எதிர் வரிசையில் மாஸ்டர் இலைக்கு முன்னால் எழுந்து நின்றார்.

“ஆபீசர் சார்! வெக்கப்படாம மூத்தரம் டெஸ்ட் பண்ணிடுங்க சார்! ஒடம்புல இருந்து பசை போவுது உங்குளுக்கு! நாளைக்கே போங்க!”

பாயசக் கரண்டி காற்றில் நின்றது. வங்கி மேலாளர் தம் இலையைக் கையால் மறைத்துக்கொண்டார். மண்டபத்தின் கடைசி மூலையிலிருந்து, “யாருக்குப்பா?” என்று ஒரு குரல், “ஆபீசருக்காம்” என்று மறு குரல்.

நான் எழுந்தேன். “இந்தப் பைத்தியத்துக்கு இலை போட்டது யார்? சாயத் தொட்டி ஆவியில் மூளை வெந்துபோன ஆளை நாலு பேர் கூடும் இடத்தில் விடலாமா?” என்றேன். நிறுத்தி, தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பந்தி முழுவதும் சிரித்தது.

மாஸ்டர் சிரிக்கவில்லை. பாதிச் சோறு இருந்த இலையைத் தம் பக்கமாக மடித்து வைத்துவிட்டு வெளியே போனார். கல்யாண வீட்டுக்கு அமங்கலம் ஆகிவிடக் கூடாது என்று, அந்த நேரத்திலும் இலையைச் சரியான பக்கம்தான் மடித்தார்.

‘ஆபீசரே சொல்லிவிட்டார்’ என்பதற்கு ஆரணியில் ஒரு மதிப்பு உண்டு. ஒரே வாரத்தில் அவர் மெண்டல் மாஸ்டர் ஆனார். இரண்டு வியாபாரிகள் தங்கள் பட்டை வேறு கொட்டகைக்கு அனுப்பினார்கள். எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது நின்றிருக்கும். நான் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து எனக்குக் கால் வீங்கத் தொடங்கியது. காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே பை. செருப்பு கடித்தது. செருப்பு சரியில்லை என்று வேறு வாங்கினேன். அதுவும் கடித்தது.

“செருப்ப மாத்திகினே இருங்க. கால மாத்த முடியாது. போய் டாக்டர பாருங்களேன்” என்றாள் என் மனைவி.

டாக்டரைப் பார்க்கவில்லை, பரிசோதனைக்கு இரத்தம் மட்டும் கொடுத்தேன். ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை சரி, மற்றவையும் ஏறக்குறையச் சரி. ஒரே ஓரிடத்தில் தடித்த எழுத்து: அல்புமின், 2.4. குறைந்தது 3.5 இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது.

“இத எட்த்துகினு போய் டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றாள் மனைவி.

“வேதியியல் படித்தவனுக்கு இதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமா?” என்றேன். அல்புமின் என்பது புரதம். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த புரதம் முட்டையின் வெள்ளைக்கருவில் நிறைந்திருக்கிறது என்பது பட்டப்படிப்பில் வந்த பாடம். உடம்பில் குறைந்திருக்கிறது என்றால் உணவில் குறைந்திருக்கிறது. உணவில் சேர்த்தால் ஏறும். நான் போட்ட கணக்கு இவ்வளவுதான். ரிப்போர்ட்டில் குறைவு என்பது மட்டுமே இருந்தது. எதனால் குறைவு என்பது இல்லை. அது இல்லை என்பதை நான் கவனிக்கவுமில்லை.

ஆனால் முட்டையை எங்கே சாப்பிடுவது? ஆரணியில் ஆபீசர் முட்டை தின்றால் மறுநாள் திருப்பணிக் குழுவில் விவாதம் நடக்கும். எனவே களம்பூருக்குப் போனேன். அரிசி ஆலைகளும் லாரிகளும் நிறைந்த ஊர்; யாரும் யாரையும் நின்று பார்ப்பதில்லை. ஆலை வாசலில் ஒரு தள்ளுவண்டியில் அவித்த முட்டை விற்றார்கள். சித்திரை வெயிலில் மப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு நின்று, நாலு முட்டை கேட்டேன். வெள்ளையை மட்டும் தின்று மஞ்சளை இலையில் ஒதுக்கினேன்.

“மஞ்சக்கரு இன்னா பாவம் பண்ணிச்சி பெரியவரே?” என்றார் வண்டிக்காரர்.

“எனக்கு வெள்ளைக்கருதான் வேண்டும்.”

“வெளிய நல்லவரு, உள்ள ஆகாதவருன்னு முட்டையிலயும் பாக்கறாருப்பா!” என்று அவர் சொல்ல, சுற்றி நின்ற லாரி ஓட்டுநர்கள் சிரித்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து அவர்களில் இருவர் என் மஞ்சள்கருவுக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள். நான் தாமதமாக வந்தால், “இன்னா தலைவா, லேட்டு?” என்று கடிந்துகொள்ளவும் செய்தார்கள். பன்னிரண்டு நாள் தவறாமல் போனேன். ஆறாம் நாள் வீக்கம் கணுக்காலைத் தாண்டியது. பன்னிரண்டாம் நாள் முழங்காலுக்கு வந்தது.

அன்றுதான், வாயில் பாதி முட்டையோடு நான் நிற்கும்போது, உமி மூட்டை ஏற்றிய ‘குட்டி யானை’ என்கிற சிறு சரக்கு வண்டி எதிரே வந்து நின்றது. உலைக்கு உமி வாங்க வந்த நுரை மாஸ்டர் அதிலிருந்து இறங்கினார்.

மென்று விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கல்யாணப் பந்தியில் நான் செய்ததை அந்த ஆலை வாசலில் அவர் எனக்குச் செய்திருக்கலாம். அவருடைய குரலுக்கு ஒரு வாக்கியம் போதும். ஆனால் மாஸ்டர் என் வாயைப் பார்க்கவேயில்லை, காலைப் பார்த்தார்.

“இன்னா சார் கால் இப்பிடி கீது? செருப்பு வாரு சதைக்குள்ள போயிடுச்சே!”

“அல்புமின் குறைவு” என்றேன், விழுங்கிவிட்டு, அலுவலகக் குரலில். “வெள்ளைக்கரு சாப்பிட்டால் ஏறும்.”

“எத்தினி நாளா துண்றீங்க?”

“பன்னிரண்டு நாள்.”

“ஏறிச்சா?”

“வீக்கம் ஏறியிருக்கிறது.”

“சார், அடியில ஓட்ட கீற தொட்டியில மேல ஊத்திகினே இருந்தா ரொம்புமா? நான்தான் அன்னிக்கே சொன்னேனே, கீழ போவுதுன்னு. பட்டுல பசை போனா பளபளப்பு. மனுசன் ஒடம்புல போனா இன்னா சார் மிஞ்சும்? ஏறுங்க வண்டில.”

ஏறினேன். உமி மூட்டைகளுக்கு முன்னால், ஓட்டுநருக்கும் மாஸ்டருக்கும் நடுவே உட்கார்ந்து ஆரணி வந்து சேர்ந்தேன். வழி முழுவதும் மப்ளரை எடுக்கவில்லை.

கொட்டகையில் தொட்டி கொதித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் ஒரு ஸ்டீல் தம்ளரை எடுத்து வேட்டியில் துடைத்து நீட்டினார். “காய்ச்சிப் பாப்பமா சார்? எதுவா இருந்தாலும் காய்ச்சினா தெரிஞ்சிடும்.”

“இது நீங்கள் டீ குடிக்கிற தம்ளர் அல்லவா?”

“வேற இல்ல சார். கழுவிக்கலாம்.”

அப்போதுதான் எனக்குத் தலையில் அடித்ததுபோல் இருந்தது. கல்லூரிச் செய்முறை வகுப்பில் இதே சோதனையை நான் செய்திருக்கிறேன். சிறுநீரைக் காய்ச்ச வேண்டும்; வெண்மையாகத் திரண்டால் இரண்டு சொட்டு அசெடிக் அமிலம் விட வேண்டும். வெண்மை கரைந்துவிட்டால் வெறும் உப்பு. கரையாவிட்டால் அல்புமின். மதிப்பெண் வாங்கிய பாடம்தான். ஆனால் என் சொந்தச் சிறுநீருக்கும் அந்தப் பாடத்துக்கும் தொடர்பு உண்டு என்று எனக்குத் தோன்றியதில்லை.

“மாஸ்டர், உங்களிடம் அசெடிக் ஆசிட் இருக்குமே?”

“சாயத்துக்கு ஊத்தறதுதான? கேன்லயே கீது.”

நான் மறைவுக்குப் போய் நிரப்பிக் கொண்டுவந்த தம்ளரை மாஸ்டர் இடுக்கியால் பிடித்து உலை வாயில் காட்டினார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். முதலில் ஓரம் வெளுத்தது. பிறகு மொத்தமும் திரண்டது. களம்பூரில் பன்னிரண்டு நாளாக நான் தின்றதைப் போலவே இருந்தது. நான் சொன்னபடி மாஸ்டர் இரண்டு சொட்டு அமிலம் விட்டார். கரையவில்லை. இன்னும் இரண்டு விட்டார். கரையவில்லை.

“இன்னா சார் அர்த்தம்?”

பதிலைத் தெரிந்து வைத்திருந்தவன் நான்தான். சிறுநீரகம் கெட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். எங்கள் தெருவிலேயே ஒருவர் வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போய் வருகிறார்.

மாஸ்டர் தம்ளரைக் கீழே வைத்தார். கொதிக்கிற தொட்டியை, உள்ளே வேகிற ஒரு முகூர்த்தப் புடவைப் பட்டை, ஒருமுறை பார்த்தார். உலையை அணைத்தார். பட்டு பாதி வேகும்போது உலையை அணைத்தால் அது திட்டுத் திட்டாகிவிடும் என்பது எனக்குத் தெரியாதா? இரண்டு வியாபாரிகள் போனபின் அவரிடம் மிஞ்சியிருந்த வேலையில் அது ஒன்று.

“நாளைக்கெல்லாம் இல்ல. இப்பவே வேலூர் போறோம். ஜல்தி கெளம்புங்க சார்.”

வேலூர் மருத்துவமனையில் சிறுநீரக டாக்டர் ஓர் இளம்பெண். வழியில் வீட்டிலிருந்து எடுத்து வந்த ரிப்போர்ட்டைப் பார்த்தார், நுரை நிற்பதையும் காய்ச்சியதில் திரண்டதையும் கேட்டுக்கொண்டார், காலை அழுத்திப் பார்த்தார். விரல் வைத்த இடம் குழியாகவே நின்றது. அவசரமாகச் சிறுநீர்ச் சோதனை எடுத்து, முடிவு வந்ததும் பொறுமையாகச் சொன்னார்:

“அல்புமின் லிவர்ல தயாராகுது ஐயா. ரத்தக் குழாய்க்குள்ள தண்ணிய பிடிச்சி வெக்கறது அதுதான். அது கொறஞ்சா தண்ணி வெளிய கசிஞ்சி கால்ல தேங்கும். பிளட் ரிப்போர்ட்ல கொறவுன்னு வந்தா, ஏன்னு தனியா தேடணும். லிவர் செய்யாம இருக்கலாம், குடல் உறிஞ்சாம இருக்கலாம், வேற நோயால கொறயலாம். உங்களுக்கு கிட்னி வடிகட்டில ஓட்ட. எவ்வளவு சாப்பிட்டாலும் யூரின்ல போயிடும். இன்னும் கொஞ்ச மாசம் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்.”

பிறகு நிமிர்ந்து, “நுரைய யாரு மொதல்ல கவனிச்சது? காய்ச்சி வேற பாத்திருக்கீங்க. யாரு ஐடியா?” என்று கேட்டார்.

என் பின்னால் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அரக்கும் பச்சையுமான இரண்டு கைகளாலும் என் ரிப்போர்ட்டுகளைப் பிடித்திருந்தார்.

“நான் வேதியியல் பட்டதாரி, டாக்டர்” என்றேன். “நானே கவனித்தேன். நானே காய்ச்சியும் பார்த்தேன்.”

எப்படி வந்தது அந்த வாக்கியம் என்று இன்றுவரை தெரியவில்லை. சொல்லி முடித்தபின் திரும்பிப் பார்க்கப் பயந்தேன். அதற்குள் பின்னாலிருந்து, வராந்தா முழுவதும் கேட்கும்படி, அந்த ஒரே அளவுக் குரல் வந்தது:

“ஆமா டாக்டர்! சார் ஆபீசரு! அவருக்கு எல்லாம் தெரியும்!”

அதில் துளி கேலியாவது இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை.

எட்டு மாதம் மாத்திரை. உப்பு குறைத்தேன். முட்டையை நிறுத்தினேன், லாரி ஓட்டுநர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாது. வீக்கம் வடிந்தது. அல்புமின் 3.6க்கு ஏறியது. கிட்னி தப்பியது என்றார் டாக்டர். அந்த எட்டு மாதமும் மாஸ்டர் என்னைக் கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும், சாலையின் அந்தப் பக்கத்திலிருந்தே, “சார்! நுர எப்பிடி?” என்பார். முதலில் குடைக்குப் பின்னால் ஒளிந்தேன். பிறகு ஒளியவில்லை. “குறைந்திருக்கிறது மாஸ்டர்” என்று நானும் கத்திச் சொல்லப் பழகினேன். ஒருநாள் அவரைக் காணாமல் வீடு திரும்பியபோது, கடைத்தெருவுக்கே போகாததுபோல் இருந்தது.

இதற்கிடையில் ஒரு கதை பரவியிருந்தது. ‘ஆபீசர் தம் நோயைத் தாமே காய்ச்சிக் கண்டுபிடித்தார்.’ பரப்பியவர் மாஸ்டர். டீக்கடையில் தம்ளரைத் தூக்கிப் பிடித்தபடி, “படிப்புன்னா அது படிப்பு! டம்ளர்ல ரெண்டே சொட்டு, கண்டுபுட்ச்சிட்டாரு!” என்று சொல்வாராம். இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு என் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். திருப்பணிக் குழு ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். எழுந்து நின்று கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். கூட்டத்தில் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் ஒருவர் மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

சால்வையை மடித்து அலமாரியில் வைக்கப் போன என் மனைவி, “இது நம்புளுதுதானா?” என்றாள். எனக்கு உப்பு குறைக்கச் சொல்லி மாஸ்டர் வீட்டுக்கு வந்தபோது எல்லாவற்றையும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். அலமாரிக் கதவை நானே சாத்தினேன்.

சென்ற மாதம் வெளிவந்த திருப்பணி மலரில், என் படத்துக்குக் கீழே, ‘தம் நோயைத் தாமே கண்டறிந்த அறிஞர்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது பிழை. நுரையைப் பார்த்தவர் மாஸ்டர். காய்ச்சச் சொன்னவரும் அவர். உலை, தம்ளர், அமிலம் மூன்றும் அவருடையவை. அன்று கெட்டுப்போன பட்டும் அவருடையது. டாக்டரிடம் நான் சொன்னது பொய்.